பாலும் ஹாலும்

நுழையும்முன்

ஒரு மொழியைப் பேச அறிவது வேறு. அம்மொழி எவ்வாறு இயங்குகின்றது என்று அறிவது வேறு. பேசுவதற்குப் பழக்கம் போதும். இயக்கத்தை அறிவதற்கு உற்றுக் கேட்டலும், ஒப்பிடுதலும், கண்டதைச் சோதித்தலும் வேண்டும். இம்மூன்றையும் முறையாகச் செய்யும் துறையே மொழியியல். இரண்டு மொழிகள் அன்றாடம் காதில் விழும் ஊரில் வாழ்வோர்க்கு இத்துறையின் அடிப்படைகளைக் கற்பது எளிது. அத்தகைய ஊர்களுள் ஒன்று பீன்யா.

இரு மொழிகளின் நடுவே

பெங்களூரு நகரின் வடமேற்கில் அமைந்துள்ள பீன்யா, 1970களில் உருவான பெரிய தொழிற்பேட்டை. கடைசல் பட்டறைகள், உதிரிப்பாக ஆலைகள், முலாம்பூசும் கூடங்கள், ஆடைத் தொழிற்சாலைகள் எனச் சிறியனவும் நடுத்தரமுமான தொழிற்கூடங்கள் அங்கே நெருங்கி நிற்கின்றன. அவற்றில் பணிபுரியத் தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் பல. அக்குடும்பங்களின் பிள்ளைகள் வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும் கேட்டு வளர்கின்றனர்.

அவ்வாறு வளர்வோர் இரண்டு பேச்சுகளை அடிக்கடி கேட்க நேர்கின்றது. விடுமுறைக்குச் சொந்த ஊர் சென்றால், “உன் தமிழ் கெட்டுப்போய்விட்டது” என்பர் சிலர். பீன்யாவிலோ, “கன்னடம் தமிழிலிருந்து பிரிந்த மொழிதான்” என்று ஒருவர் சொல்ல, “இல்லை, தமிழைவிடக் கன்னடமே பழையது” என்று மற்றொருவர் மறுக்க, நண்பர்களிடையே மனக்கசப்பு மூள்வதும் உண்டு. முதற்பேச்சு ஒரு குழந்தையைத் தன் தாய்மொழியில் வாய்திறக்கக் கூசச் செய்கின்றது. இரண்டாம் பேச்சு அண்டை வீட்டாரின் தாய்மொழியைச் சிறுமைப்படுத்துகின்றது. இவ்விரண்டும் உண்மையா என்பதைக் குரலை உயர்த்தி முடிவுசெய்ய இயலாது. சான்று கொண்டே முடிவுசெய்ய இயலும். அதற்குரிய ஐந்து சோதனைகள் இப்பாடத்தில் விளக்கப்படுகின்றன.

சோதனை 1: எந்த ஒலி பொருளை மாற்றுகின்றது?

‘வால்’, ‘வாள்’, ‘வாழ்’ என்னும் மூன்று சொற்களிலும் முதற்பகுதி ஒன்றே. இறுதியொலி மட்டும் வேறுபடுகின்றது. அவ்வேறுபாட்டால் பொருளும் மாறுகின்றது. விலங்கின் உறுப்பு, வெட்டும் படைக்கலம், உயிர்த்திரு என்னும் ஏவல் என அவை மூன்று சொற்களாகின்றன. இவ்வாறு பொருளை வேறுபடுத்த வல்ல ஒலியினை ‘ஒலியன்’ என்பர். எனவே ல, ள, ழ ஆகிய மூன்றும் தமிழில் தனித்தனி ஒலியன்கள். ழகரத்தையும் ளகரத்தையும் ஒன்றாகவே ஒலிப்பவர் வாயில் ‘வாழ்’ என்பதும் ‘வாள்’ என்பதும் ஒரே சொல்லாகிவிடுகின்றன. ழகரத்தைத் திருத்தமாக ஒலிக்குமாறு ஆசிரியர் வற்புறுத்துவதன் காரணம் இதுவே.

இனி, ‘பல்’, ‘அன்பு’ என்னும் சொற்களைக் காண்க. இரண்டிலும் பகரமே எழுதப்படுகின்றது. ஆனால் ‘பல்’ என்பதில் அது வன்மையாகவும், ‘அன்பு’ என்பதில் மெல்லினத்தை அடுத்து வருவதால் சற்று மென்மையாகவும் ஒலிக்கின்றது. அவ்வாறே ‘கடல்’ என்பதன் ககரமும் ‘தங்கம்’ என்பதன் ககரமும் ஒலியில் ஒன்றல்ல. எனினும் இவ்வேறுபாட்டினால் தமிழ்ச் சொற்களின் பொருள் மாறுவதில்லை. எந்த இடத்தில் எவ்வாறு ஒலிக்கும் என்பது சொல்லின் அமைப்பாலேயே முடிவாகின்றது. ஆகவே தமிழுக்கு ஒரு பகரமும் ஒரு ககரமும் போதுமாயின. இத்தகைய ஒலிகளை ஓர் ஒலியனின் ‘மாற்றொலிகள்’ என்பர்.

கன்னடத்தின் நிலை வேறு. அம்மொழியில் ‘கெரெ’ என்றால் ஏரி. அதே சொல்லின் முதலெழுத்தைத் ‘தங்கம்’ என்பதிலுள்ள ககரம்போல ஒலித்தால் ‘கோடு’ என்னும் பொருள் தரும் வேறு சொல்லாகிவிடும். பொருள் மாறுவதால் அவ்விரு ககரங்களும் கன்னடத்தில் இரண்டு ஒலியன்கள். அதனாலேயே கன்னட எழுத்தில் அவற்றுக்குத் தனித்தனி வடிவங்கள் உள்ளன. தமிழ் எழுத்துக் குறைவுடையது என்றோ, கன்னட எழுத்து மிகையுடையது என்றோ இதற்குப் பொருளில்லை. ஒவ்வொன்றும் தன் மொழியின் ஒலியன்களுக்கேற்ப அமைந்துள்ளது.

சோதனை 2: ஒப்புமையா, ஒழுங்கா?

இரண்டு சொற்கள் ஒத்திருப்பதைக் கண்டவுடன் அவை உறவுடையவை என்று முடிவுசெய்தல் கூடாது. பாரசீக மொழியில் ‘பத்’ என்னும் சொல்லுக்குத் ‘தீய’ என்பது பொருள். ஆங்கிலத்தில் ‘பேட்’ என்பதற்கும் அதுவே பொருள். எனினும் அவ்விரு சொற்களும் வெவ்வேறு வேர்களிலிருந்து வளர்ந்து, தற்செயலாக ஒத்து நிற்பவை என்பதை மொழியியலார் நிறுவியுள்ளனர். ஓரிரு சொற்களின் ஒப்புமை தற்செயலாகலாம். பல சொற்களில் ஒரே வகையாக நிகழும் மாற்றம் தற்செயலாகாது.

கீழ்க்காணும் இணைகளை வாய்விட்டுப் படித்தால் அந்த ஒழுங்கு விளங்கும். இடப்புறம் தமிழ், வலப்புறம் அதே பொருளுடைய கன்னடம்.

பால் – ஹாலு
பல் – ஹல்லு
புலி – ஹுலி
பூ – ஹூவு
பத்து – ஹத்து
பெண் – ஹெண்ணு
பாம்பு – ஹாவு
பள்ளி – ஹள்ளி

தமிழ்ச் சொல்லின் முதலில் பகரம் உள்ள இடமெல்லாம் கன்னடத்தில் ஹகரம் வருகின்றது. ‘பள்ளி’ என்னும் சொல்லுக்குச் சிற்றூர் என்னும் பழம்பொருள் உண்டு. கன்னடத்தில் ‘ஹள்ளி’ என்பதற்கு இன்றும் சிற்றூர் என்பதே பொருள். பீன்யாவை அடுத்துள்ள ஜாலஹள்ளி, தாசரஹள்ளி ஆகிய மெட்ரோ நிலையங்களின் பெயர்களில் ஒலிப்பது அச்சொல்லே. தருமபுரி மாவட்டத்து மாரண்டஹள்ளியின் பெயரிலும் அதே சொல் உள்ளது. அந்நிலையங்கள் அமைந்துள்ள பச்சை வழித்தடத்தின் கன்னடப் பெயரிலும் இவ்விதியைக் காணலாம். கன்னடத்தில் பச்சை நிறம் ‘ஹஸிரு’ எனப்படும். தமிழில் அதன் உறவுச்சொல் ‘பசுமை’.

இம்மாற்றம் எம்மொழியில் நிகழ்ந்தது? விடை கல்லில் உள்ளது. ஹாசன் மாவட்டத்தில் ஹல்மிடி என்னும் ஊர் உண்டு. ஏறத்தாழ கி.பி. 450ஐச் சேர்ந்ததாகக் கருதப்படும் மிகப் பழைய கன்னடக் கல்வெட்டுகளுள் ஒன்று அங்கேதான் கண்டெடுக்கப்பட்டது. அக்கல்வெட்டில் அவ்வூரின் பெயர் ஹகரத்தில் தொடங்கவில்லை, பகரத்தில் தொடங்குகின்றது. பழங்கன்னட இலக்கியங்களிலும் இச்சொற்கள் பகரத்தோடு காணப்படுகின்றன. ஏறத்தாழப் பத்தாம் நூற்றாண்டளவில் ஹகர வடிவங்கள் தோன்றத் தொடங்கி, பின்வந்த நூற்றாண்டுகளில் பரவின. ஆகவே பகரம் பழையது; ஹகரம் புதியது.

இவ்வகை மாற்றம் கன்னடத்திற்கு மட்டும் உரியதன்று. லத்தீன் மொழியில் தந்தை ‘பாதெர்’, மீன் ‘பிஸ்கிஸ்’. ஆங்கிலத்தில் அவை ‘ஃபாதர்’, ‘ஃபிஷ்’. லத்தீனில் பகரம் உள்ள இடத்தில் ஆங்கிலத்தில் வேறோர் ஒலி ஒழுங்காக வருகின்றது. ஜெர்மானிய அறிஞர் யாக்கோபு கிரிம் 1822இல் இத்தகைய மாற்றங்களை விதிகளாக வகுத்துக் காட்டினார். சிறுவர் விரும்பும் தேவதைக் கதைகளைத் தம்பியுடன் சேர்ந்து தொகுத்த கிரிம் அவரே.

சோதனை 3: விதிக்குப் புறம்பானவற்றுக்குக் காரணம் உண்டா?

ஒரு விதியைக் கண்டபின், அது பொருந்தாத இடங்களைத் தேடுதல் நல்ல மாணவரின் கடமை. கன்னடத்தில் பத்து என்பது ‘ஹத்து’. அவ்வாறாயின் இருபது ‘இஹ்ஹத்து’ ஆகவேண்டும் அன்றோ? ஆனால் கன்னடர் ‘இப்பத்து’ என்றே கூறுவர். ‘உப்பு’ என்னும் சொல்லும் இரு மொழிகளிலும் ‘உப்பு’ என்றே உள்ளது. இவற்றில் பகரம் சொல்லின் முதலில் இல்லை. நடுவில் இரட்டித்து நிற்கின்றது. ஆகவே விதியைத் திருத்தமாக இவ்வாறு கூறவேண்டும்: சொல்லின் முதலில் நின்ற பகரமே ஹகரமாயிற்று. விதிவிலக்குப் போலத் தோன்றியது விதியின் எல்லையைக் காட்டிற்று.

மற்றொரு வினா. கன்னடத்தில் நூலைப் ‘புஸ்தக’ என்பர். அது ஏன் ‘ஹுஸ்தக’ ஆகவில்லை? அது சமஸ்கிருதத்திலிருந்து பெற்ற கடன்சொல். கற்றோர் அதனை மூலவடிவம் மாறாமல் வழங்கினர். ‘பேப்பர்’, ‘பென்சில்’ ஆகியவையோ மாற்றம் முடிந்து பல நூற்றாண்டுகள் கழித்து வந்தவை. ஆகவே அவற்றிலும் பகரம் நிலைத்தது.

எனினும் ‘பணம்’ என்பது கன்னடத்தில் ‘ஹண’ என வழங்குகின்றது. சமஸ்கிருதத்தில் ‘பண’ என வழங்கிய இச்சொல், மக்கள் வாயில் முன்னரே வேரூன்றிவிட்டதால் நாட்டுச் சொற்களோடு தானும் மாறிற்று. ஓர் ஒலிமாற்றத்தில் பங்குகொண்ட கடன்சொல் அம்மாற்றத்திற்கு முன்பே வந்து பரவிய சொல் என்று கொள்ளலாம். இவ்வாறு, ஏட்டில் எழுதப்படாத வரலாற்றையும் ஒலி காட்டிக்கொடுக்கின்றது.

சோதனை 4: தாயா, உடன்பிறப்பா?

இதுவரை கண்டதைக் கொண்டு, “பழைய பகரத்தைத் தமிழ் காத்தது, ஆகவே தமிழே தாய், கன்னடம் அதன் மகள்” என்று கூறலாமா? அவ்வாறு கூறும் முன்னர் மற்றொரு பட்டியலையும் காணுதல் வேண்டும். இங்கும் இடப்புறம் தமிழ், வலப்புறம் கன்னடம்.

செவி – கிவி
சேரி – கேரி
சிறு – கிரு
செம்மை – கெம்பு
சிறை – கெரெ

கன்னடத்தில் ‘கேரி’ என்றால் தெரு அல்லது குடியிருப்பு. ‘கெம்பு’ என்றால் சிவப்பு. ‘சிறை’ என்னும் தமிழ்ச் சொல்லுக்கு நீரைத் தடுக்கும் அணை என்னும் பழம்பொருள் உண்டு. அதன் உறவுச்சொல்லே ஏரியைக் குறிக்கும் ‘கெரெ’. இங்கே ஒழுங்கு திசை மாறியுள்ளது. இகர, எகரங்களும் அவற்றின் நெடில்களும் பின்வரும்போது, முதலில் நின்ற பழைய ககரம் தமிழில் சகரமாயிற்று. அப்பழைய ககரத்தைக் காத்தது கன்னடம்.

இதற்கும் எல்லை உண்டு. ‘கேள்’, ‘கெடு’, ‘கிளி’ என்னும் தமிழ்ச் சொற்கள் ‘சேள்’, ‘செடு’, ‘சிளி’ என மாறவில்லை. நாவை மேல்நோக்கி வளைத்து ஒலிக்கும் ட, ண, ள, ழ ஆகியவை அடுத்து நின்ற சொற்களில் ககரம் பெரும்பாலும் மாறாமல் தங்கிற்று.

மூன்றாவதாக ழகரம். மழை – மளெ, கோழி – கோளி, வாழை – பாளெ, ஏழு – ஏளு என்னும் இணைகளில் தமிழின் ழகரத்திற்கு ஈடாக இக்காலக் கன்னடத்தில் ளகரம் வருகின்றது. ஆனால் பழங்கன்னடத்தில் ழகரத்திற்குத் தனி எழுத்தே இருந்தது. 13ஆம் நூற்றாண்டில் கேசிராசர் இயற்றிய ‘சப்தமணிதர்ப்பணம்’ என்னும் கன்னட இலக்கண நூல் அதனைப் பற்றியும் பேசுகின்றது. பழங்கன்னடத்தைக் கன்னடர் ‘ஹளெகன்னட’ என்பர். அதிலுள்ள ‘ஹளெ’ என்பது தமிழின் ‘பழைய’ என்பதன் உறவுச்சொல். பகரம் ஹகரமானதும் ழகரம் ளகரமானதும் அந்த ஒரே சொல்லில் காணக்கிடைக்கின்றன.

தமிழ் காத்ததைக் கன்னடம் மாற்றியது. கன்னடம் காத்ததைத் தமிழ் மாற்றியது. தாய் இழந்துவிட்ட ஒன்றை அவளிடமிருந்தே மகள் பெற்றிருக்க இயலாது. ஆகவே இன்றைய தமிழும் இன்றைய கன்னடமும் ஒன்றற்கொன்று தாயும் மகளும் அல்ல. இரண்டும் தமக்கு முற்பட்ட ஒரு மூலமொழியிலிருந்து கிளைத்த உடன்பிறப்புகள். அம்மூலமொழியை அறிஞர் ‘தொல்திராவிடம்’ என்பர்.

இம்முடிவை நோக்கிய முதல் அடி தமிழ்நாட்டிலேயே எடுத்துவைக்கப்பட்டது. சென்னையில் ஆட்சியராக இருந்த பிரான்சிஸ் வைட் எல்லிஸ், தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மொழிகளின் வேர்ச்சொற்களை அருகருகே நிறுத்தி ஒப்பிட்டார். அவை சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல, ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்று காட்டிய அவரது கட்டுரை 1816இல் வெளியான கேம்பெல் என்பாரின் தெலுங்கு இலக்கண நூலில் இடம்பெற்றது. நாற்பதாண்டுகள் கழித்து, 1856இல், நெல்லைச் சீமையின் இடையன்குடியில் வாழ்ந்த ராபர்ட் கால்டுவெல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். பின்னர் பரோ, எமனோ என்னும் இருவர் திராவிட மொழிகளின் உறவுச்சொற்களைத் தொகுத்துச் ‘திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி’யை 1961இல் வெளியிட்டனர். அதன் இரண்டாம் பதிப்பு 1984இல் வந்தது.

தெரிந்து தெளிவோம்: கதையும் கல்வெட்டும்

பெங்களூரு என்னும் பெயருக்குச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. வேட்டையில் வழிதவறிய ஹொய்சள மன்னர் வீர பல்லாளருக்கு மூதாட்டி ஒருத்தி வேகவைத்த பயறு கொடுத்தாளாம்; அதனால் ‘பெந்த காளூரு’ என்னும் பெயர் வந்து, பின் பெங்களூரு ஆயிற்றாம். ‘பெந்த’ என்னும் கன்னடச் சொல் தமிழின் ‘வெந்த’ என்பதன் உறவுச்சொல்லே. தமிழில் சொல்முதல் வகரம் வருமிடத்தில் கன்னடத்தில், ‘அன்பு’ என்பதிலுள்ளது போன்ற பகரம் வருதல் முறையான ஒழுங்காகும். வா – பா, வேர் – பேரு, வில் – பில்லு, வயல் – பயலு என்பன பிற சான்றுகள்.

சொல்லளவில் கதை பொருந்துவது போலத் தோன்றினும், காலம் பொருந்தவில்லை. கதையில் வரும் இரண்டாம் வீர பல்லாளர் ஆட்சி செய்தது 12ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஆகும். நகரின் தெற்கேயுள்ள பேகூரின் கோவிலில் காணப்படும் வீரக்கல் ஏறத்தாழ கி.பி. 900ஐச் சேர்ந்தது. பெங்களூருவில் நடந்த ஒரு போரை அது குறிப்பிடுகின்றது. மன்னர் பிறப்பதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் முன்னரே ஊர்ப்பெயர் வழக்கில் இருந்ததால், அவரால் அப்பெயர் வந்திருக்க இயலாது. ஒரு பெயரைக் கேட்டபின் அதற்கேற்ப மக்கள் புனைந்துகொள்ளும் இத்தகைய விளக்கத்தை ‘நாட்டார் சொற்பிறப்பு’ என்பர். சுவையான விளக்கம் என்பதனால் மட்டும் அது உண்மையான விளக்கமாகிவிடாது.

சோதனை 5: பேச்சுத் தமிழ் கெட்ட தமிழா?

எழுத்துத் தமிழில் ‘பெட்டி’, ‘பெண்’, ‘பிடி’, ‘பிள்ளை’, ‘வீடு’ என உள்ளவை பலரது பேச்சில் ‘பொட்டி’, ‘பொண்ணு’, ‘புடி’, ‘புள்ள’, ‘வூடு’ என ஒலிக்கின்றன. இவற்றைச் சோம்பலால் விளைந்த பிழைகள் என்று கருதுவோர் உளர். அவை பிழைகளாயின், ஒழுங்கின்றி எங்கும் நிகழவேண்டும். அவ்வாறு நிகழ்கின்றனவா?

‘செடி’ என்பதை எவரும் ‘சொடி’ என்பதில்லை. ‘வெயில்’ என்பதை எவரும் ‘வொயில்’ என்பதில்லை. ‘பேசு’ என்பது ‘போசு’ ஆவதில்லை. ‘தேடு’ என்பது ‘தோடு’ ஆவதில்லை. மாறும் சொற்களையும் மாறாச் சொற்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இரண்டு நிபந்தனைகள் புலப்படும். ஒன்று, சொல்லின் முதலெழுத்து ப, ம, வ ஆகிய இதழால் பிறக்கும் ஒலிகளுள் ஒன்றாதல் வேண்டும். மற்றொன்று, அடுத்து வரும் மெய் பெரும்பாலும் ட, ண, ள, ழ போன்ற நா வளைந்து பிறக்கும் ஒலியாதல் வேண்டும். ‘செடி’யில் இரண்டாவது உண்டு, முதலாவது இல்லை. ‘வெயி’லில் முதலாவது உண்டு, இரண்டாவது இல்லை. இரண்டும் கூடிய இடத்தில் மட்டுமே இகரமும் எகரமும் இதழ்குவிந்து உகரமாகவும் ஒகரமாகவும் மாறுகின்றன. இதழ்குவிப்பு முதலெழுத்திலிருந்து உயிரொலிக்கும் படர்கின்றது என்பது இதன் விளக்கம். ‘பிற’ என்பது ‘பொற’ ஆவதுபோல, றகரத்தின் முன்னும் சிலவிடங்களில் இது நிகழ்வதுண்டு.

ஒலிகள் எந்த உறுப்பால் பிறக்கின்றன என்னும் ஆராய்ச்சி தமிழுக்குப் புதியதன்று. தொல்காப்பியத்தின் பிறப்பியல், பகரமும் மகரமும் இதழ்கள் பொருந்தப் பிறக்கும் என்றும், வகரம் பல்லும் இதழும் பொருந்தப் பிறக்கும் என்றும் கூறுகின்றது.

மற்றொரு சான்று. ‘பல்’, ‘கல்’, ‘கண்’ என்பன பேச்சில் ‘பல்லு’, ‘கல்லு’, ‘கண்ணு’ என இறுதிமெய் இரட்டித்து உகரம் பெறுகின்றன. ‘பால்’, ‘கால்’, ‘ஊர்’ என்பனவோ ‘பாலு’, ‘காலு’, ‘ஊரு’ என இரட்டிக்காமலேயே உகரம் பெறுகின்றன. குறில் எனில் இரட்டிக்கும். நெடில் எனில் இரட்டிக்காது. எழுத அறியாக் குழந்தையும் இவ்விதியில் பிழைசெய்வதில்லை. கன்னடத்தின் ஹல்லு, ஹாலு, கல்லு, காலு, கண்ணு, ஊரு ஆகிய சொற்களிலும் இதே ஒழுங்கு உள்ளது.

பீன்யாத் தமிழில் வேற்றுமொழிச் சொற்கள் மிகுதி என்பதும் ஒரு குறையாகக் கூறப்படுகின்றது. “அப்பா ஷிப்டுக்குப் போயிருக்காங்க” என்னும் தொடரை ஆராய்க. ‘ஷிப்ட்’ என்பது ஆங்கிலச் சொல். ஆனால் அதன்மேல் ஏறிய உகரமும், ‘கு’ என்னும் நான்காம் வேற்றுமை உருபும், வினைமுற்றிலுள்ள மதிப்புப்பன்மை ஈறும், வினை இறுதியில் நிற்கும் தொடரமைப்பும் தமிழே. பொருள் தரும் மிகச்சிறிய இத்தகைய கூறுகளை ‘உருபன்கள்’ என்பர். ‘மரங்களுக்கு’ என்பதை மரம் + கள் + உ + கு எனப் பிரிக்கலாம். கன்னடத்தில் அது ‘மரகளிகெ’. அதாவது மர + களு + இகெ. பன்மை ஈறும் நான்காம் வேற்றுமை உருபும் அதே வரிசையில் அமைந்துள்ளன. மொழிகள் சொற்களை எளிதில் கடன் வாங்குகின்றன; உருபன்களின் அமைப்பை அவ்வளவு எளிதில் மாற்றிக்கொள்வதில்லை. எனவே சில சொற்கள் கலந்தமையால் பீன்யாப் பிள்ளையின் தமிழ் அழிந்துவிட்டது என்பது உண்மையன்று.

எனினும் பேச்சுத்தமிழுக்கு ஒழுங்கு உண்டு என்பதனால் எழுத்துத்தமிழ் தேவையற்றது ஆகிவிடாது. வட்டாரத்திற்கு வட்டாரம் பேச்சு வேறுபடும். ‘வூடு’ என்பாரும் ‘வீடு’ என்பாரும் ஒரே நூலைப் படிக்கவும், ஒரே விண்ணப்பத்தை எழுதவும், ஈழத்திலும் மலேசியாவிலும் வாழும் தமிழரோடு கடிதம் பரிமாறவும் பொதுவான ஒரு நடை வேண்டும். எழுத்துத்தமிழின் பணி அதுவே. ஒன்று வீட்டின் வழக்கு. மற்றொன்று பொது வழக்கு. இரண்டையும் இடமறிந்து கையாள்வதே மொழித்திறன்.

தொகுத்துக் காண்போம்

மொழியறிவைச் சோதிக்கும் வழி ஐந்து: ஒலி மாறினால் பொருள் மாறுகின்றதா என்று நோக்குதல், ஒப்புமையை விடுத்து ஒழுங்கைத் தேடுதல், பொருந்தாதவற்றின் காரணத்தை ஆராய்தல், இருபுறச் சான்றுகளையும் நிறுத்துப் பார்த்தல், பேச்சையும் இலக்கணம் உடையதாகக் கொண்டு ஆராய்தல். இவற்றைப் பயின்றவர் “கன்னடம் எங்கள் மொழியிலிருந்து வந்தது” என்று பெருமையும் பேசார். “என் தமிழ் கெட்டது” என்று நாணவும் மாட்டார். கன்னடம் கற்பது தமிழுக்கு இழப்பன்று. ‘கிவி’யை அறிந்தவர்க்கே ‘செவி’யின் பழமை புலப்படும்.

அருஞ்சொற்பொருள்

ஒலியன் – பொருளை வேறுபடுத்தும் ஒலி
மாற்றொலி – இடத்திற்கேற்ப வேறுபடும் ஒலியன் வடிவம்
உருபன் – பொருள் தரும் மிகச்சிறிய மொழிக்கூறு
கடன்சொல் – பிறமொழியிலிருந்து பெற்ற சொல்
உறவுச்சொற்கள் – ஒரே மூலத்திலிருந்து வெவ்வேறு மொழிகளில் வளர்ந்த சொற்கள்

பயிற்சி

அ. கீழ்க்காணும் கன்னடச் சொற்களுக்கு உறவுடைய தமிழ்ச் சொற்களை விதியின் துணையால் கண்டறிக.
1. ஹுல்லு 2. ஹகலு 3. ஹந்தி (ஒரு விலங்கு) 4. ஹாளு (சிதைவு) 5. ஹொகெ (அடுப்பிலிருந்து எழுவது)

ஆ. குறுவினா
1. ‘கலை’, ‘களை’, ‘கழை’ என்னும் சொற்களால் மெய்ப்பிக்கப்படுவது யாது?
2. ‘பென்சில்’ என்பது கன்னடத்தில் ‘ஹென்சில்’ ஆகாமைக்குக் காரணம் தருக.
3. ‘மிளகு’ என்பது பேச்சில் ‘மொளகு’ ஆகின்றது, ‘மின்னல்’ மாறுவதில்லை. ஏன்?

இ. சிறுவினா
தமிழும் கன்னடமும் தாயும் மகளும் அல்ல, உடன்பிறப்புகளே என்பதை இரு சான்றுகளால் நிறுவுக.

ஈ. செயற்பாடு
வீட்டில் மூத்தோர் பேசும் பேச்சை ஒருநாள் உற்றுக் கேட்டு, எழுத்து வழக்கிலிருந்து வேறுபடும் பத்துச் சொற்களைக் குறித்துக்கொள்க. அவற்றுள் ஒரே வகையாக மாறுவனவற்றை ஒன்றாகத் தொகுத்து, விதி ஒன்றை எழுதுக. அவ்விதிக்குப் பொருந்தாத ஒரு சொல்லையேனும் தேடிக் காண்க. கன்னடம் பேசும் தோழர் ஒருவரையும் அவ்வாறே தம் வீட்டுப் பேச்சில் தேடச் சொல்லி, இரு பட்டியல்களையும் வகுப்பில் ஒப்பிடுக.

விடைக்குறிப்பு

அ. 1. புல் 2. பகல் 3. பன்றி 4. பாழ் 5. புகை

ஆ. 1. ல, ள, ழ ஆகியவை தமிழில் தனித்தனி ஒலியன்கள் என்பது. 2. ஒலிமாற்றம் முடிந்தபின் வந்த கடன்சொல் ஆதலால். 3. இரு சொற்களிலும் முதலெழுத்து இதழொலியே. எனினும் ‘மிளகு’ என்பதில் அடுத்து வரும் ளகரம் நா வளைந்து பிறப்பது, ‘மின்னல்’ என்பதிலுள்ள னகரம் அவ்வாறு பிறப்பதன்று.